நாற்பது மில்லி

1

இந்தக் கதை என் இடது கை நரம்பிலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்குள் நுழைந்து, கணபதிப் பகுதியில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியின் தகரக் கூரையை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்த சமயம். நான் அங்கே கையேடு எழுதுகிறவள். மோட்டாரை எப்படிப் பொருத்துவது, எந்தப் பக்கம் சுற்றினால் சரி, தண்ணீர் வராவிட்டால் எதைக் கழற்றிப் பார்ப்பது என்பதையெல்லாம் தமிழில் எழுதித் தருவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அன்று மத்தியானம் ஒரு கையேட்டைப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“ஏனுங்க, நீங்க ஓ நெகட்டிவ்ங்களா?”

வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ரத்தப் பிரிவையே என் பெயராகச் சொல்லி அழைத்தார் அந்த மனிதர். அபூர்வ ரத்தப் பிரிவுக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் என் எண் இருந்தது. ஆமாம் என்றேன். ஒரு மணி நேரத்தில், அவிநாசி ரோட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் ரப்பர் பந்தை அமுக்கியபடி படுத்திருந்தேன்.

போன் செய்தவர் சரவணன். கிணத்துக்கடவுக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருப்பவர்; முப்பத்திநான்கு வயதிருக்கும். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்ததும், பையிலிருந்து ஒரு இளநீரை எடுத்து நீட்டினார். தோப்பிலேயே சீவி, வாயை மட்டை நாரால் அடைத்துக் கொண்டுவந்தது. குடித்தபடியே, நோயாளி பெயர் என்ன என்று கேட்டேன்.

“இன்னும் பொறக்கலீங்க,” என்றார்.

நான் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு ரத்தம் ஏற்றப்போகிறார்கள் என்றும், இது இரண்டாவது தடவை என்றும், ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுத்த ரத்தம் வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் பாதிதான் கேட்டேன். மீதிப் பாதி மனம் அதற்குள் கதை எழுதத் தொடங்கியிருந்தது. ரத்தம் கொடுத்ததில் ஏதாவது நல்லெண்ணம் இருந்திருந்தால், அது அந்த நிமிடத்தில் கொஞ்சம் கெட்டுப்போயிற்று.

[எடுத்தது முந்நூற்றைம்பது மில்லி. குழந்தைக்குப் போனது நாற்பது. மிச்சம் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.]

2

தொடங்குவதற்கு மூன்று வழிகளைப் பார்த்தேன்.

‘கிணத்துக்கடவிலிருந்து கோவைக்கு வரும் சாலையின் இரு புறமும் தென்னை மரங்கள் வரிசையாக நின்று’ — வேண்டாம். எல்லா ஊர்க் கதையும் இப்படித்தான் மரத்தில் தொடங்குகிறது.

‘தாயின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருட்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கும்போது, கீழ்க்கண்ட படிகளைப் பின்பற்றவும்’ — இது பம்ப்செட் கையேடு. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். இது சரவணனின் மனைவியே என்னிடம் சொன்னது.

ரித்திகா மூன்றாவது முறை கருவுற்றபோது யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட.

3

பதினோரு நாள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது நடக்கத் தொடங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாதவரை அது காலையில் பாதி ஞாபகம் இருக்கும் கனவுபோலக் கிடக்கும். வளரவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். சரவணன் தேங்காய் லோடு ஏற்றிவிட்டு வந்து சாப்பிடுவான். மாமனார் பொங்கியண்ணன் ரேடியோவை வைத்துக்கொண்டு வெளித்தாழ்வாரத்தில் சாய்ந்திருப்பார். மாமியார் இறந்து ஆறு வருடம். அந்த வீட்டில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து விஷயம் கண்டுபிடிக்க இன்னொரு பெண் இல்லை.

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பி.காம். முடித்தவள், உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்த ஊர். கல்யாணமான வருடமே முதல் கரு தங்கி, மூன்றாம் மாதம் கலைந்தது. ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். ரித்திகாவின் ரத்தம் ஏ நெகட்டிவ், சரவணனுடையது பி பாசிட்டிவ். அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று நாளைக்குள் ஒரு ஊசி போட வேண்டும். போடவில்லை. [எந்த ஊர், எந்த நர்சிங் ஹோம் என்று எழுத வேண்டாம் என்றாள். அந்த டாக்டருக்கு இப்போது உடம்பு சரியில்லையாம்.]

அந்த ஊசி போடாததால் என்ன ஆகும் என்பது இரண்டாவது குழந்தையில் தெரிந்தது. தாயின் உடம்பு, குழந்தையின் ரத்தத்தை வேற்றாள் என்று முடிவு கட்டிவிடுகிறது. முதல் தடவை பழகிக்கொள்கிறது. அடுத்த தடவை, குழந்தையின் ரத்தத்தைத் தேடிப் போய் அழிக்கிறது. அவளுக்குத் தெரியாமல், அவள் தூங்கும்போது, சாப்பிடும்போது, குழந்தைக்குப் பெயர் யோசிக்கும்போது, அவளுடைய உடம்பே அதைச் செய்துகொண்டிருந்தது.

ஏழாம் மாதம். அன்று உடுமலையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான், காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்பது அவளுக்கு

இந்த வாக்கியத்தை இதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்று நாள் முயன்றேன். ஆண் குழந்தை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4

கோவை மருத்துவமனையில் கருவிலுள்ள குழந்தைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் சாய்ப்ரியாவின் அறை எப்போதும் இருட்டாக இருக்கும். ஸ்கேன் திரை தெரிவதற்காக. வெளியே அவிநாசி ரோட்டின் வெயிலிலிருந்து அந்த அறைக்குள் நுழையும்போது, ஆழக் கிணற்றுக்குள் இறங்குவதுபோலக் கொஞ்ச நேரம் கண் தெரியாது என்றாள் ரித்திகா. பிறகு திரை தெரியும். சாம்பல் நிறத்தில், புகைக்குள் புகையாக, ஒரு முகத்தின் ஓரம்.

சாய்ப்ரியா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பீளமேட்டுப் பக்கம். நோயாளிகளிடம் அவர் பேசும் தமிழ் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதுபோல இருக்கும். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இந்தக் குழந்தைக்கும் அதேதான் நடக்கும். ஆனால் இந்தத் தடவை பார்த்துக்கொண்டே இருப்போம். வாரம் ஒருமுறை வர வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் அவர் குழந்தையின் தலைக்குள் ஓடும் ஒரு நரம்பைத் தேடிப் பிடித்து ஒலிபெருக்கியைத் திறப்பார். வாய்க்காலில் மடை திறந்தாற்போல ஒரு சத்தம். நிற்கும், மறுபடி வரும்.

“ரத்தம் கெட்டியா இருந்தா மெதுவாப் போகும்மா. தண்ணியாட்டம் ஆயிருச்சுன்னா வேகமா ஓடும். அந்த வேகத்தத்தான் நான் அளக்கறேன்.”

அதற்குப் பிறகு ரித்திகாவுக்கு எதைப் பார்த்தாலும் வேகம் தெரிந்தது. சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர், மேகம், சாலையில் லாரி. எல்லாம் கொஞ்சம் மெதுவாகப் போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். இருபத்திமூன்றாம் வாரம் சாய்ப்ரியா நெடுநேரம் அளந்தார். மறுபடியும் அளந்தார். ஒலியை அணைத்துவிட்டு, ஏற்றிவிடலாம் என்றார்.

செய்முறை இது. தாயின் வயிற்றின் மேல் மரத்துப்போக ஊசி. பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, நீண்ட மெல்லிய ஊசி ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்தி, தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு சேரும் இடத்தில் அதன் நரம்பைக் குத்த வேண்டும். நரம்பு ஒரு கொத்தமல்லித் தண்டு அளவுதான் இருக்கும். குழந்தை ஒரு உதை உதைத்தால் ஊசி பிசகிவிடும். அதனால் குழந்தை அசையாமலிருக்க அதற்கு ஒரு மருந்து கொடுப்பார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், குழந்தை கையைக் காலை ஆட்டாது. இதயம் மட்டும் துடிக்கும்.

நூற்றில் ஒன்றிரண்டு தடவை தப்பாகப் போகலாம் என்றார் சாய்ப்ரியா. ரித்திகா கேட்டது அதைப் பற்றி இல்லை.

“அசையாம இருக்குமுங்களா?”

“கொஞ்ச நேரந்தாம்மா.”

“எனக்குத் தெரியாம ஒரு மருந்து குடுத்து என்னையும் தூங்க வெச்சுருங்க டாக்டர். அது அசையாத நேரத்துல நான் முழிச்சிருக்க மாட்டேன்.”

அப்படிச் செய்யவில்லை. முதல் தடவை அவள் முழித்திருந்தாள். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அவள் எனக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது தடவையில் நானே இருந்தேன்.

5

[இந்தப் பகுதியை நம்பாதீர்கள். ஏன் என்று எட்டாம் பகுதியில் சொல்கிறேன். அழிக்கத்தான் நினைத்தேன், பிறகு, என் கைக்கு எது சுலபமாக வருகிறது என்பதை நீங்களும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.]

பொங்கியண்ணன் வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மருத்துவமனைத் தாழ்வாரத்தின் முனைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். அவருடைய செருப்பு பளபளத்த தரையில் கிறீச்சிட்டது. மகனை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ரத்தம் குடுக்கறது ஆருடா?”

“தெரிஞ்சவங்கதானுங்கப்பா. குரூப்புல புடிச்சது.”

“அது செரி. நம்மாளுங்கதானா?”

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். பொங்கியண்ணன் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் யாரோ ஒரு பெண் ஸ்கூட்டரை நிறுத்துவதைப் பார்த்தார். அந்தப் பெண் நான்தான்.

எழுதி முடித்தபோது திருப்தியாக இருந்தது. கிழவரை நன்றாகப் பிடித்துவிட்டேன் என்று தோன்றியது. மறுநாள் படித்தபோதுதான் சந்தேகம் வந்தது. நான் அதுவரை அந்த மனிதரை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “சாப்ட்டீங்களாம்மா?” அப்படியிருக்க இந்த வசனத்தை நான் எங்கிருந்து எடுத்தேன்? எங்கும் போகத் தேவையில்லை. நம் பக்கத்தில் அது பேருந்தில், கல்யாண மண்டபத்தில், வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் வாசலில், சும்மா கிடக்கும். யார் வாயில் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். நான் ஒரு வயசான ஆணின் வாயில் வைத்தேன்.

6

ரத்தம் கொடுத்த மூன்றாம் நாள் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். அக்கறையால் என்று சரவணன் நினைத்துக்கொண்டார். அக்கறையும் இருந்தது. அறுவை அரங்கின் பக்கத்து அறையில் ரித்திகாவைக் கொண்டுவந்து படுக்கவைத்திருந்தார்கள்; ஏற்றி முடிந்திருந்தது. பெண்கள் யாராவது கூட இருங்கள் என்றார் நர்ஸ். ரித்திகாவின் அம்மா உடுமலையில், பக்கவாதத்தில் விழுந்த கணவரை விட்டு வர முடியாதவர். அங்கே இருந்த ஒரே பெண் நான். தாழ்வாரத்தில் அன்று காலை ஒரே ஒரு முறை அவள் என்னைப் பார்த்திருந்தாள். உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறந்து யார் என்று பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் சில்லென்ற கை.

அதற்குப் பிறகு நடந்தது என்று எதுவும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி. திரைச்சீலை நீல நிறம். வெளியே காற்று வீசும்போதெல்லாம் அறை முழுவதும் லேசாக அசைவதுபோல் வெளிச்சம் ஏறி இறங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து வயிற்றில் கருவியை வைப்பார். குதிரை ஓடுவதுபோல் இதயத்துடிப்பு கேட்கும். கருவியை எடுத்ததும் அமைதி. இதயம் ஓடுகிறது, ஆள் அசையவில்லை.

ரித்திகா அரைத்தூக்கத்தில் இருந்தாள். பிறகு எனக்குச் சொன்னாள்: தோப்பு முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்ததாம். வெள்ளம் இல்லை, கண்ணாடிபோல் நின்ற தண்ணீர், தென்னையின் குருத்துவரை. அவள் அடியில் நடக்கிறாள். மூச்சு முட்டவில்லை. ஓலைகள் மேலே மெதுவாக, மிக மெதுவாக, ஆடுகின்றன. ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவே யாரோ படுத்திருக்கிறார்கள். கிட்டப் போக வேண்டும். ஆனால் கிட்டப் போனால் எழுப்பிவிடுவோம் என்று பயம். எழுப்பினால் எழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். அதனால் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். பொடி மீன்கள் அவள் காதோரம் போகின்றன. எங்கிருந்தோ ஒரு சிவப்பு நூல் தண்ணீருக்குள் இறங்கி, கலையாமல், கரையாமல், படுத்திருப்பவரை நோக்கிப் போகிறது. நூலின் மறுமுனை எங்கே என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாள். பார்க்கவில்லை.

நான் அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. எப்படி எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதையும் மறந்துவிட்டேன். என் ரத்தம் இந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில், விமானத்தில் போகிறவர்களுக்குக் காது அடைப்பதுபோல் எனக்கும் அடைத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூன்றரை மணிக்குப் பக்கமாக, அவளுடைய விரல்கள் என் விரல்களை இறுக்கின.

“வந்துருச்சு,” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றின் வலது பக்கம் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு, துணிக்கடியில் பட்டாம்பூச்சி சிக்கியதுபோல் ஒரு தட்டல்.

அவள் அழுதாள். நான் நினைத்ததைவிட நெடுநேரம் அழுதாள். மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

7

அடுத்த மூன்று முறையும் எனக்கு வேலையில்லை. ஒருமுறை கொடுத்த பெண் நான்கு மாதம் மறுபடி கொடுக்கக் கூடாது. சரவணன் அந்தியூரிலிருந்து ஒருவரை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவரை என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். இருபத்தெட்டாம் வாரம், முப்பத்தொன்றாம் வாரம், முப்பத்திமூன்றாம் வாரம். ஐந்து முறை, ஐந்து பேர். இருபத்தெட்டாம் வாரத்தை ரித்திகா ஒரு பாலத்தைக் கடப்பதுபோல் கடந்தாள் என்றார் சரவணன் போனில். முந்தின குழந்தை அந்த வாரத்தோடு நின்றுபோனது.

முப்பத்தைந்தாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். இரண்டு கிலோ நூறு கிராம். அழுதது. மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ், கண்ணுக்கு ஒரு துணிப்பட்டி கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். கடலுக்கடியில் வெயில் காய்வதுபோல் இருந்தது என்று எழுதிச் சரவணன் படம் அனுப்பினார். அவருக்குக் கதை எழுத வரும் என்று தோன்றியது.

பிறகு ஒரு சின்னக் குழப்பம். குழந்தையின் ரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ் என்று சீட்டு வந்தது. அம்மா ஏ நெகட்டிவ், அப்பா பி பாசிட்டிவ். குழந்தையும் நெகட்டிவ் என்றால் இந்தச் சிக்கலே வந்திருக்கக் கூடாது; சரவணனுக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்புள்கொடி ரத்தத்திலேயே மறுபடி பரிசோதித்தார்கள். அதேதான். சாய்ப்ரியா வந்து விளக்கினார். ஐந்து முறை ஏற்றியதில், குழந்தையின் உடம்பு தனக்கென்று ரத்தம் செய்வதையே நிறுத்திவிட்டது. இப்போது அதற்குள் ஓடுவது ஏறக்குறைய முழுவதும் கொடுத்தவர்களுடையது. அவளுடைய சொந்தப் பிரிவு என்ன என்பது இன்னும் சில மாதம் கழித்துத்தான் தெரியும். கொடுத்த ரத்தம் தேய்ந்து தீர்ந்து, சொந்த ரத்தம் ஊற ஆரம்பித்த பிறகு.

பொங்கியண்ணன்தான் முதலில் பேசினாராம்.

“குரூப்பு என்னமோ இருந்துட்டுப் போகுதுங்க. மூச்சு நல்லா உடுதுங்களா?”

நன்றாக விடுகிறாள் என்றார் சாய்ப்ரியா. கிழவர் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

சரவணன் இதைச் சொன்னபோது ஐந்தாம் பகுதி என் மேஜையில் கிடந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர் இந்த நேரத்தில் இப்படிப் பேசுவாரா? மனிதர்கள் மாறுவார்கள், நடுவில் ஒரு மனமாற்றத்தை எழுதிவிடலாம். நீல விளக்குக்கு முன்னால் அவரை நிறுத்தி, கண்ணில் ஒரு துளி

வேண்டாம். அது எனக்கே பிடிக்கவில்லை.

8

குழந்தைக்கு நவ்யா என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒருமுறை மறுபடி ரத்தம் ஏற்றினார்கள், அதற்கப்புறம் தேவைப்படவில்லை. ஐந்து மாதம் ஆனபோது, எழுதியதை அச்செடுத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனேன். ரித்திகா படித்துச் சரி என்று சொன்னால்தான் வெளியே கொடுப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

சரவணன் தோப்பில் இருந்தார். பொங்கியண்ணன் என்னைப் பார்த்துச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, ஆயிற்று என்றதும் நம்பாமல் உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துவந்து வைத்துவிட்டு, பால் சொசைட்டிக்குக் கிளம்பினார். ரித்திகா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் பக்கத்தைத் திருப்பினாள். வெளியே காற்றில் ஓலைகளின் சத்தம், மழை பெய்வதுபோல். எனக்கும் கண் சொக்கியது.

மூன்றாம் பகுதியில் பாதியில் நின்ற வாக்கியத்தில் அவளும் நின்றாள். விரலை அதன் மேல் வைத்திருந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஐந்தாம் பகுதியில் அவள் கை குழந்தையைத் தட்டுவதை நிறுத்திவிட்டது.

“அக்கா, இது எங்க மாமா கேக்கலீங்க.”

தெரியும், கதைக்காகச் சேர்த்தேன், வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுக்க வேண்டாமுங்க.” காகிதங்களைச் சேர்த்து ஓரத்தைத் தட்டி நேராக்கினாள். “கேட்டது நானுங்க்கா.”

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். இரண்டாவது முறை ஏற்றுவதற்கு முன், அன்று காலை, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது என்னைத் தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறாள். ரத்தம் கொடுத்தது இவர்தானா என்று சரவணனிடம் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றதும், நம்மாளுங்களா என்று கேட்டாள். குரூப்பைத்தான் கேட்டேன், வேறு எதுவும் கேட்கவில்லை என்றான் அவன். வேறு ஆள் கிடைக்காதா என்று அவள் கேட்டாள். சரவணன் நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தி, முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தானாம். திரும்பப் பின்னால் போய்த் தள்ளினானாம்.

“ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியலீங்க. காலேசுல என்ற சிநேகிதிக எல்லா ஆளுகளும்தான். ஒரே டிபன் பாக்சுலதான் சாப்புடுவோம். ஆனா அன்னிக்கு வாய்ல வந்துருச்சு. வந்ததுக்கப்புறம் எடுக்க முடியல.” குழந்தையை மறுபடி தட்டத் தொடங்கினாள். “அப்பறம் நீங்க வந்து என்ற கையப் புடிச்சுட்டு உக்காந்துட்டீங்க. பாப்பா அசையல. மருந்துனாலதான்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சாலும், நான் கேட்டதுக்குத்தான் அசைய மாட்டேங்குதுன்னே நெனச்சுட்டுக் கெடந்தேன். அது அசைஞ்சப்ப அழுதனே, நீங்க என்னன்னு எழுதியிருக்கறீங்க?”

மகிழ்ச்சியில் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

“அதுவும் இருந்துச்சுங்க,” என்றாள்.

மாமாவுக்கு மனசுக்குள் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது, இருந்தும் இருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து கேட்டது தான் மட்டும்தான். அவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட வேண்டும் என்றாள். நவ்யா பெரியவளாகிப் படித்தால் என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டாள்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டிய இடம் இது. முதலில் வந்தது கோபம்கூட இல்லை. தாழ்வாரத்தில் ஒரே ஒரு முறை பார்த்ததில், என் முகத்தில், என் சேலையில், நான் நின்ற விதத்தில், அவளுக்கு எது அந்தச் சந்தேகத்தைக் கொடுத்திருக்கும் என்று என்னையே ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது அவள் மீது வந்ததா, அப்படிப் பார்த்துக்கொண்ட என் மீது வந்ததா என்று பிரிக்க முடியவில்லை. வாழைப்பழம் ஒன்றை உரித்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

9

முடிவு.

ஒன்று எழுதினேன். அதில் நான் பெருந்தன்மையாகச் சிரித்து, அதெல்லாம் போகட்டும் என்று குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறேன். அப்படி நடக்கவில்லை. இன்னொன்றில் நான் காகிதங்களை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன், சாலைவரை திரும்பிப் பார்க்காமல். அதுவும் நடக்கவில்லை. ஏழாம் மாதத்தில் நவ்யாவின் சொந்த ரத்தப் பிரிவு என்ன என்று சீட்டு வருவதோடு முடிக்கலாம் என்றும் ஒரு யோசனை. சீட்டு வந்தும்விட்டது, சரவணன் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். பழத்தைத் தட்டில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன்.

“இப்பக் கேளு ரித்திகா,” என்றேன். “சொல்றேன்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

உண்மையாகத்தான் சொன்னேன். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் அப்பா யார், எந்த ஊர், எந்தத் தெரு, எங்கள் சாமி எது என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். ஒன்பது பகுதி வந்துவிட்டீர்கள். இவ்வளவு நேரத்தில் நீங்களும் ஒரு தடவையாவது தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பேசுகிற விதத்தில், நான் வேலை பார்க்கும் இடத்தில், என் பெயரை எங்கேயும் சொல்லாமல் விட்டதில். ஏதோ ஒன்றை முடிவும் செய்திருக்கலாம். அந்த முடிவைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.

காற்று கொஞ்சம் நின்றிருந்தது. தோப்புக்குள் எங்கேயோ சரவணன் யாரையோ கூப்பிட்டது கேட்டது. ரித்திகா குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கினாள். ஒதுக்கிவிட்டு, ஒரு முடிவுக்கு வந்தவள்போல் நிமிர்ந்தாள்.

“அக்கா,” என்று ஆரம்பித்தாள்.

அவள் அடுத்துச் சொன்னது எனக்குத் தெரியும்; எழுத மாட்டேன். உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவள் கேட்டாள் என்று எழுதுகிறீர்களோ, கேட்கவில்லை என்று எழுதுகிறீர்களோ, உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேச வையுங்கள். மடியில் குழந்தை தூங்குகிறது.